ஒரே மொழி, ஒரே மதம், ஒரே அரசர்: பிறகு ஏன் 18 நாடுகள்? பிரேசில் மட்டும் எப்படி ஒன்றாக நின்றது?

கரூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம் நண்பர்களே. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் தென் அமெரிக்க வரைபடம் கொடுத்து வண்ணம் தீட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பிரேசிலுக்கு அடித்தே பச்சைப் பென்சில் பாதி தேய்ந்துவிட்டது. சுற்றியுள்ள நாடுகளுக்கு வேறு வேறு வண்ணம் தேடி, டப்பாவில் இருந்த 12 பென்சிலையும் எடுத்தாகிவிட்டது. அப்போது கேட்டாள்: "இவங்க எல்லாரும் ஸ்பானிஷ்தானே பேசுறாங்க, அப்புறம் ஏன்ப்பா இத்தனை நாடு? பிரேசில் மட்டும் ஏன் ஒண்ணா இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் தூங்கிய பிறகு எண்ணிப் பார்த்தேன். மெக்சிகோவிலிருந்து சிலி வரை ஸ்பானிஷ் பேசும் நாடுகள் 18. எல்லாம் 300 ஆண்டுகள் ஒரே ஸ்பெயின் அரசருக்குக் கீழே இருந்தவை, எல்லாம் கத்தோலிக்கம். மொழிவாரி மாநிலம் கேட்டு வாங்கிய ஊரில் பிறந்தவன் நான். மொழி ஒன்றானால் எல்லையும் ஒன்றாகும் என்றே நினைத்துப் பழகிவிட்டேன். அங்கே ஏன் அப்படி நடக்கவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், குழந்தைக்குப் புரிகிற மாதிரி அவளுக்குச் சொல்ல வேண்டும்.


சேது_72 | ஞாயிறு, இரவு 9.40

ஆண்டிஸ் மலை, அமேசான் காடு, அட்டகாமா பாலைவனம். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கே மாதக்கணக்கில் கழுதைப் பயணம். அப்படிப்பட்ட நிலத்தை ஒரே அரசு கட்டி ஆள முடியுமா? இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.


ஆசிரியர்_தேவகோட்டை | ஞாயிறு, இரவு 10.55

கரூர்த் தம்பி, உங்கள் மகளுக்கு என் ஆசிகள். 34 ஆண்டு வரலாறு நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை ஒரு மாணவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

சேது சொல்லும் மலையும் காடும் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் முதலில் உடைந்திருக்க வேண்டியது பிரேசில். அமேசான் கடலில் கலக்கும் இடத்தருகே பெலெம் நகரம் இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் அங்கிருந்து ரியோவுக்கு வருவதைவிட லிஸ்பனுக்குப் போவது சுலபம், காற்றும் நீரோட்டமும் அப்படி. 1621-ல் தொடங்கி நூறாண்டுக்கும் மேலாக அந்த வடபகுதியை மரன்யாவ் என்ற தனிக் காலனியாக வைத்து லிஸ்பனே நேராக ஆண்டது. பெலெம்காரருக்கும் ரியோகாரருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இன்று ஒரே நாடு.

பாதை பிரிந்தது 1807, 1808 என்ற இரண்டே ஆண்டுகளில். நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கியது. போர்ச்சுகலை ஆண்டுகொண்டிருந்த இளவரசர் ஜோவாவ், மனநலம் குன்றிய தாயான மரியா அரசி, மனைவி மக்கள், அமைச்சர்கள், கருவூலம், அரசுக் கோப்புகள், ஓர் அச்சு இயந்திரம் என்று அத்தனையையும் கப்பலில் ஏற்றி 1807 நவம்பர் 29 அன்று புறப்பட்டார். துணைக்கு பிரிட்டிஷ் கடற்படை. மறுநாள் பிரெஞ்சுப் படை லிஸ்பனுக்குள் நுழைந்தது. 1808 மார்ச்சில் ரியோ டி ஜெனிரோ ஒரு பேரரசின் தலைநகரமாகிவிட்டது. காலனிக்கு அரசன் குடிவந்தது அந்தக் கண்டத்தில் அதற்கு முன் நடக்காத ஒன்று.

ஸ்பெயின் கதை நேர்மாறு. அரசர் கார்லோஸும் மகன் ஃபெர்னாண்டோவும் நெப்போலியன் கூப்பிட்டதும் பயோன் நகருக்குப் போய் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயின் அரசனாக்கினான். செய்தி கடல் தாண்டி வந்ததும் அமெரிக்க நகரங்களில் ஒரு கேள்வி எழுந்தது. அரசர் சிறையில் இருக்கிறார், இப்போது யார் சொல்வதைக் கேட்பது? "அரசர் இல்லாவிட்டால் அதிகாரம் மக்களிடம் திரும்புகிறது" என்றார்கள் வழக்கறிஞர்கள். ஆனால் எந்த மக்கள்? ஒவ்வொரு நகரசபையும் 'எங்கள் மக்கள்' என்றது. 1810 ஏப்ரலில் கராகஸ், மே மாதம் புவெனஸ் அயர்ஸ், ஜூலையில் பொகோட்டா, செப்டம்பரில் சாந்தியாகோ. சிறைப்பட்ட அதே அரசரின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் தனித்தனி ஆட்சிக்குழு அமைத்தார்கள். பொகோட்டா சொன்னதைக் கார்த்தஹேனா கேட்கவில்லை. புவெனஸ் அயர்ஸ் சொன்னதைப் பராகுவேயின் அசுன்சியோன் கேட்கவில்லை, அனுப்பிய படையைத் தோற்கடித்துத் திருப்பியும் அனுப்பியது.

இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இன்றைய எல்லைகளை ஸ்பெயின் காலத்து 'ஔதியென்சியா' எல்லைகளோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஔதியென்சியா என்பது உயர் நீதிமன்றமும் நிர்வாக அலுவலகமும் சேர்ந்த ஒன்று. கித்தோவின் ஔதியென்சியா ஏறக்குறைய இன்றைய எக்குவடோர். சர்காஸ் என்பதுதான் பொலிவியா. வழக்குக்கும் மனுவுக்கும் வேலை நியமனத்துக்கும் எந்த ஊருக்கு நடையாய் நடந்தார்களோ, அந்த ஊர்தான் 300 ஆண்டுகளில் அவர்கள் மனதில் தலைநகராகப் பதிந்தது.


மலர்விழி | திங்கள், காலை 7.20

ஐயா, அருமையான விளக்கம். ஆனால் ஒரு இடம் உறுத்துகிறது. அரசர் வந்ததால்தான் பிரேசில் ஒன்றாக நின்றது என்றால், அரசர் போன பிறகு உடைந்திருக்க வேண்டுமே! ஜோவாவ் 1821-ல் லிஸ்பன் திரும்பிவிட்டார். மகன் பெட்ரோ 1822 செப்டம்பர் 7-ல் சுதந்திரம் அறிவித்துப் பேரரசரானார், 1831-ல் அவரும் முடி துறந்து ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். அரியணையில் விட்டுப்போனது ஐந்து வயதுப் பையனை.

அடுத்த பத்தாண்டில் நாடு முழுக்கத் தீ. பாராவில் கபானாஜெம் கலகம், தெற்கே ஹியோ கிராண்டே தோ சுல் 1835 முதல் 1845 வரை தனிக் குடியரசு என்று சொல்லிப் போரிட்டது, பாயியாவில் ஒன்று, மரன்யாவில் ஒன்று. ஸ்பானிய அமெரிக்காவை உடைத்த அத்தனையும் இங்கேயும் இருந்தது. பிறகு ஏன் உடையவில்லை?


ஆசிரியர்_தேவகோட்டை | திங்கள், காலை 11.05

அம்மா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நேற்றே எழுத நினைத்து, நீளமாகிவிடுமே என்று விட்டது இது.

முதலில் படிப்பு. லிமாவில் 1551-லேயே பல்கலைக்கழகம். மெக்சிகோவில் 1539-லேயே அச்சகம். ஸ்பானியப் பகுதியில் அந்தந்த ஊர்ப் பெரிய வீட்டுப் பையன் அந்தந்த ஊரிலேயே படித்து, அந்த ஊரிலேயே வக்கீலாகி, அந்த ஊர்ப் பத்திரிகையில் எழுதினான். பிரேசிலில் காலனிக் காலம் முடியும்வரை ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. 1747-ல் ரியோவில் ஒருவர் அச்சகம் திறந்தார், லிஸ்பன் உடனே மூடச் சொல்லிவிட்டது. ஆகவே பெலெம்காரன், பாயியாகாரன், ரியோகாரன் யாராக இருந்தாலும் சட்டம் படிக்கப் போர்ச்சுகலின் கோயிம்ப்ராவுக்குத்தான் போனான். ஒரே விடுதி, ஒரே ஆசிரியர்கள். பின்னாளில் பிரேசிலை நடத்திய நீதிபதிகளும் அமைச்சர்களும் பெரும்பாலும் அந்தக் கூட்டம். முடக்கி வைப்பதற்காகப் போட்ட தடை ஒரு தலைமுறையையே ஒன்றாகக் கோத்துவிட்டது.

இரண்டாவதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. அடிமை முறை. ஆப்பிரிக்காவிலிருந்து கட்டி இழுத்து வந்து அமெரிக்காக்களில் உயிரோடு இறக்கப்பட்டவர்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் ஏறக்குறைய 48 லட்சம் பேர் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு நேராக வந்தவர்கள் சுமார் 4 லட்சம்தான். சுதந்திரம் வந்தபோது பிரேசிலில் மூன்றில் ஒருவர் அடிமை. நிலமும் ஆலையும் வைத்திருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே பெயர், ஹைட்டி. அங்கே அடிமைகள் 1791-ல் எழுந்து, 1804-ல் நாடே அமைத்துவிட்டார்கள். 1835 ஜனவரியில், ரமலான் முடியும் தறுவாயில், சால்வடோர் நகரத்து ஆப்பிரிக்க முஸ்லிம்கள் ஓர் இரவு எழுந்தார்கள். அடக்கியபின் பார்த்தால் விழுந்து கிடந்தவர்கள் கழுத்தில் தோல் தாயத்துகள், உள்ளே மடித்த காகிதத்தில் அரபு எழுத்தில் குர்ஆன் வசனங்கள். தங்கள் எஜமானர்களில் பலருக்கே எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் அடிமைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்!

மாகாணத் தலைவர்கள் தங்களுக்குள் சண்டையிடத் தயார்தான். ஆனால் அந்தச் சண்டையில் அடிமைகள் கையில் ஆயுதம் வந்துவிடுமோ என்ற பயம் பிரிவினை ஆசையைவிடப் பெரிதாக இருந்தது. தனித்தனிச் சிறு நாடுகளானால் அடிமை வணிகத்தை நிறுத்தச் சொல்லும் பிரிட்டனை எதிர்த்து நிற்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1831-ல் பிரிட்டனின் நெருக்கடிக்காகத் தடைச் சட்டம் போட்டுவிட்டு, அதன் பிறகும் பல லட்சம் பேரைக் கடத்தி வந்தார்கள். 'ஆங்கிலேயன் பார்ப்பதற்காக' என்ற சொலவடை இன்றும் பிரேசிலில் உண்டு, ஒப்புக்குச் செய்கிற எதற்கும் அப்படிச் சொல்வார்கள். அது இந்தச் சட்டத்திலிருந்து பிறந்தது என்பார்கள். அடிமை முறையே ஒழிந்தது 1888 மே 13-ல். அடுத்த ஆண்டு நவம்பரில் பேரரசும் விழுந்தது.


கப்பல்_பொறி | திங்கள், மாலை 6.30

தூத்துக்குடிக்காரன். கப்பல் எஞ்சினில் வேலை. ரியோவில் எங்கள் கப்பல் பழுதுக்காக ஒன்பது நாள் நின்றது. சார் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வலோங்கோ என்று ஒரு இடம். 1811-ல் கட்டிய துறை. ஏறக்குறைய 9 லட்சம் ஆப்பிரிக்கர்களை இறக்கிய கரை என்று கணக்கிடுகிறார்கள். இப்போது கடல் தள்ளிப்போய்விட்டது. தெருமட்டத்திலிருந்து கீழே குனிந்து பார்க்கிற மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதில் இரண்டு விதக் கல். கீழே இருப்பது கோணல்மாணலான கற்கள், நம் ஊர் ஆற்றங்கரையில் அள்ளிப் போட்ட மாதிரி. அதற்கு மேலே நேராகச் செதுக்கிய கற்கள். 1843-ல் இரண்டாம் பெட்ரோவைக் கட்டிக்கொள்ள இத்தாலியிலிருந்து வந்த அரசி தெரேசா கிறிஸ்தினா இறங்குவதற்காக, பழைய துறைமேல் மண்ணைப் போட்டு மூடி அழகாகப் புதுத் துறை கட்டியிருக்கிறார்கள். 1911-ல் அதையும் மூடிவிட்டார்கள். 2011-ல் துறைமுகத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோதுதான் இரண்டும் வெளியே வந்தன. மணி, சோழி, தாயத்து, தாமிர மோதிரம் என்று கூடை கூடையாக எடுத்தார்களாம். 2017-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் நின்ற அன்று லேசான மழை. அந்தக் கோணல் கல் இடுக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. வெறுங்காலோடு, இரண்டு மாதம் கப்பல் அடித்தளத்தில் கிடந்துவிட்டு, அந்தக் கல்மேல் கால் வைத்திருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்குக் கால் கூசியது. பக்கத்துத் தெருவில் 1996-ல் ஒரு வீட்டைப் பழுதுபார்க்கத் தோண்டியபோது எலும்பும் பல்லுமாக வந்ததாம். வந்து சேர்ந்தும் விற்கப்படுவதற்குள் செத்துப்போனவர்களைப் போட்ட குழி. இப்போது அந்த வீடே அருங்காட்சியகம். போனால் பாருங்கள்.


இளஞ்செழியன் | திங்கள், இரவு 10.15

ஆசிரியர் ஹைட்டியை ஒரு வரியில் தாண்டிவிட்டார். எனக்கு அது போதாது. அமெரிக்காக்களின் வரலாற்றில் எல்லா நாடுகளும் கடன்பட்ட நாடு அது. அதற்குத்தான் எல்லோரும் சேர்ந்து கடன் சுமத்தினார்கள்.

1815 கடைசியில், ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட வெனிசுவேலாத் தலைவர் போலிவார் தோற்று ஓடி ஹைட்டியில் ஒதுங்குகிறார். அதிபர் பெத்தியோன் கப்பல், துப்பாக்கி, வெடிமருந்து, ஓர் அச்சு இயந்திரம் எல்லாம் கொடுக்கிறார். பணம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. நீ விடுவிக்கும் நிலத்தில் அடிமைகளை விடுதலை செய். போலிவார் வெனிசுவேலாவில் இறங்கியதும் அப்படி அறிவித்தார். முதல் முயற்சி தோற்று மறுபடி ஹைட்டிக்கு வந்தார், மறுபடியும் உதவி கிடைத்தது. பத்தாண்டு கழித்து, 1826-ல், புதிய நாடுகளையெல்லாம் ஒரு கூட்டமைப்பாக்கப் பனாமாவில் மாநாடு கூட்டினார். ஹைட்டிக்கு அழைப்பு இல்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு ஆறாது.

அந்த நேரத்தில் ஹைட்டி தனியாக நின்றுகொண்டிருந்தது. 1825-ல் பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்ல் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் தோட்டக்காரர்கள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கொடு, அப்போதுதான் உன்னை நாடாக ஏற்போம் என்றார். அந்தச் 'சொத்தில்' மனிதர்களும் அடக்கம். தங்கள் உடம்புக்குத் தாங்களே விலை கொடுக்க வேண்டும்! முதல் தவணை கட்டவே பிரான்சின் வங்கியாளர்களிடம் 3 கோடி பிராங்க் கடன் வாங்கினார்கள். தரகு கழித்துக் கைக்கு வந்தது 2.4 கோடி. 1838-ல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் கடனுக்கு மேல் கடன் வாங்கி, எல்லாம் தீர 1947 ஆனது. வடக்கே அமெரிக்க ஐக்கிய நாடு ஹைட்டியை அங்கீகரித்தது 1862-ல், அதுவும் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோன பிறகுதான்.


சேது_72 | செவ்வாய், காலை 8.05

இளஞ்செழியன், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முழுப் பழியையும் வெளியில் போடலாமா? 1957 முதல் 1986 வரை துவாலியே அப்பாவும் மகனும் நாட்டைச் சூறையாடினார்கள். ஹைட்டியின் ஆரம்ப ஆட்சியாளர்களே விடுதலையான மக்களை மறுபடி தோட்ட வேலைக்குக் கட்டாயப்படுத்தியவர்கள்தானே?


இளஞ்செழியன் | செவ்வாய், காலை 9.30

துவாலியே கொடுமையை நான் மறுக்கவில்லை சேது அண்ணா. தோட்ட வேலைக்குக் கட்டாயப்படுத்தியதும் உண்மை. ஆனால் ஏன் செய்தார்கள் என்றும் கேளுங்கள். துப்பாக்கி வாங்கவும் பிரான்சுக்குத் தவணை கட்டவும் காசு வரும் ஒரே வழி ஏற்றுமதிக் காப்பியும் சர்க்கரையும்தான். மக்களோ, தன் துண்டு நிலத்தில் கிழங்கும் வாழையும் போட்டுக்கொண்டு யாருக்கும் கைகட்டாமல் வாழ்வதைத்தான் விடுதலை என்று நினைத்தார்கள். அந்த இழுபறியில்தான் அந்த நாட்டின் முதல் நூறாண்டு போனது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இறங்கி ஹைட்டி வங்கியிலிருந்த 5 லட்சம் டாலர் தங்கத்தைக் கப்பலேற்றி நியூயார்க் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு நாட்டையே பிடித்து 1934 வரை வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டவும் சாலை போடவும் அந்த நாட்டிடம் எப்போது காசு இருந்தது?


சேது_72 | செவ்வாய், காலை 9.52

தங்கத்தை எடுத்துப்போன விஷயம் எனக்குத் தெரியாது. இதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி.


வடலி | செவ்வாய், இரவு 8.40

வணக்கம். நான் மொன்றியலில இருபது வருசமா இருக்கிறன், பூர்வீகம் பருத்தித்துறை. எல்லாரும் தெற்கைப் பற்றியே கதைக்கிறீங்கள், வடக்கிலயும் இதே கேள்வி இருக்கு. 1776-ல பதின்மூன்று காலனி சேர்ந்து பிரிட்டனிட்ட இருந்து பிரிஞ்சுது. பக்கத்தில இருந்த கியூபெக் ஏன் சேரேல்ல?

1759-ல பிரிட்டிஷ்காரர் கியூபெக்கைப் பிடிச்சினம். பிடிச்ச பிறகு 1774-ல ஒரு சட்டம் போட்டு, பிரெஞ்சு உரிமையியல் சட்டமும் கத்தோலிக்கத் திருச்சபையும் அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டினம். தெற்கில இருந்த புரட்டஸ்தாந்துக் காலனிக்காரருக்கு அது பெரிய கோபம். 1774 ஒக்டோபரில அவையின்ர காங்கிரஸ் பிரிட்டிஷ் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினது, கத்தோலிக்க மதத்துக்கு இடம் குடுத்திட்டீங்களே எண்டு திட்டி. அதே மாதம் அதே காங்கிரஸ் கியூபெக் மக்களுக்கு இன்னொரு கடிதம், மதம் எங்களுக்குத் தடையில்லை, வாங்கோ ஒண்டா நிப்பம் எண்டு. ரெண்டும் கியூபெக்குக்கு வந்து சேர்ந்திட்டுது! யார் நம்புவினம்? 1775-ன்ர கடைசி இரவு பனிப்புயலுக்குள்ள கியூபெக் நகரத்தைத் தாக்கின அமெரிக்கப் படை தோத்துது, தளபதி மொன்கொமரி செத்தார்.

வென்றவன்ர ஆட்சியில மொழியும் மதமும் தப்பும் எண்டால், விடுதலை எண்டு வாறவனை நம்பிறதை விட இருக்கிறதைக் காப்பம் எண்டுதான் அந்தச் சனம் முடிவெடுத்தது. அதை நான் பிழை சொல்ல மாட்டன். இஞ்ச ஒவ்வொரு கார் நம்பர் பிளேட்டிலயும் 'ஜெ மெ சுவியேன்', 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' எண்டு இருக்கும். ஒவ்வொரு காலமையும் சிவப்பு விளக்கில நிக்கேக்க முன்னால நிக்கிற காரில அதைத்தான் வாசிக்கிறன். எங்களுக்கும் நினைவில வைக்க நிறைய இருக்குதானே.


மலர்விழி | செவ்வாய், இரவு 9.25

வடலி அக்கா, மொழியைத் தொட்டதால் ஒன்று சொல்கிறேன். 1781-ல் பெருவின் கூஸ்கோவில், ஸ்பெயினுக்கு எதிராகக் கலகம் செய்த இரண்டாம் துபாக் அமாருவை மனைவியோடும் மூத்த மகனோடும் கொன்ற பிறகு ஸ்பானிய அதிகாரி அரேச்சே ஓர் ஆணை போட்டார். கெச்சுவா மொழி, இன்கா உடை, இன்கா அரசர்களைப் பற்றிய நாடகம், எல்லாவற்றுக்கும் தடை. கெச்சுவா பெருவில் ஆட்சிமொழித் தகுதி பெற 1975 வரை காத்திருந்தது. அதே ஸ்பெயின் ஆண்ட பராகுவேயில் இன்று பழங்குடியல்லாத சாதாரண ஜனங்களும் வீட்டில் குவாரனி பேசுகிறார்கள். நாணயத்தின் பெயரே குவாரனி. 1992 அரசியலமைப்பில் ஸ்பானிஷுக்குச் சமமான ஆட்சிமொழி. வெள்ளியும் தங்கமும் இல்லாத ஒதுக்குப்புறம் என்பதால் ஸ்பானியர் கூட்டமாக வரவில்லை. வந்த சிலரும் குவாரனிப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள், குழந்தைகள் அம்மா மொழியைப் பேசின. யேசுசபைக் குடியிருப்புகளிலும் குவாரனியில்தான் பாடமும் ஜெபமும்.

பெருவின் பக்கமோ, இன்றைய பொலிவியாவில், பொத்தோசி இருந்தது. 1545-ல் கண்டுபிடித்த வெள்ளிமலை. சுற்றியுள்ள மாகாணங்களில் ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்து ஓராண்டு சுரங்கத்துக்கு வர வேண்டும். 'மித்தா' என்று பெயர். சோழர் கல்வெட்டில் 'வெட்டி' என்று வருமே, அதே மாதிரி வேலைவரி. ஆனால் இது ஆளைத் திருப்பி அனுப்பாத வரி. ஐரோப்பியர் சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கொண்டுவந்த வெள்ளியில் பெரும்பகுதி அந்தக் கண்டத்துச் சுரங்கங்களுடையது என்று படித்தபோது, பொத்தோசி எனக்கு எங்கோ இருக்கும் ஊராகத் தெரியவில்லை.


காரைக்கால்_பாரிஸ் | புதன், அதிகாலை 2.10

இந்த இழையில் இன்னும் யாரும் சொல்லாத ஒன்று, அமெரிக்காக்களின் கதையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் குறைந்த கூலி ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தம் போட்டு ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24-ல் குவாதலூப்பிலும் முதல் ஆட்களை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேர் போனார்கள்.

இங்கே பாரிசில் என் பக்கத்து வீட்டம்மா குவாதலூப்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவர் வைக்கும் மீன் குழம்புக்குப் பெயர் 'கொலம்போ'. மாரியம்மனை 'மாலியெமென்' என்கிறார், மதுரை வீரனை 'மால்தெவிலன்' என்கிறார். கொத்தமல்லியும் மஞ்சளும் கடுகும் வறுத்து அரைத்த வாசம் மாடிப்படியில் ஏறும்போதே வரும், என் அப்பாயி வீட்டு வாசம்.

ஆனால் குடியுரிமை சும்மா கிடைக்கவில்லை. அங்கேயே பிறந்தவர்களையும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்க மறுத்தார்கள். ஆன்ரி சிதம்பரம் என்பவர் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி 1904-ல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923-ல்தான் வென்றது. ஹைட்டியில் அடிமையை வைத்துச் செய்ததைத்தான் அதே சர்க்கரைக்காக, கொஞ்சம் காகிதமும் கைநாட்டும் சேர்த்து எங்கள் ஊர் ஆட்களை வைத்துச் செய்தார்கள். வேலைக்குப் போக வேண்டும், பிறகு எழுதுகிறேன்.


கப்பல்_பொறி | புதன், மாலை 7.15

ஆசிரியர் சார், ஒரு சந்தேகம். பிரேசில் உடையவே இல்லை என்கிறோம். மொந்தேவிதேயோவில் இறங்கியபோது ஒரு வழிகாட்டி, உருகுவே கொஞ்ச காலம் பிரேசிலின் மாகாணமாக இருந்தது என்றாரே?


ஆசிரியர்_தேவகோட்டை | புதன், இரவு 9.50

வழிகாட்டி சொன்னது சரி, நான் விட்டது தவறு. போர்ச்சுகல் அந்தப் பகுதியைப் பிடித்து 1821-ல் சிஸ்பிளாட்டினா என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. 1825-ல் மக்கள் எழுந்தார்கள். புவெனஸ் அயர்ஸ் அவர்களுக்குத் துணை நின்று பிரேசிலோடு போரிட்டது. இரு பக்கமும் களைத்தபின், வணிகம் கெடுகிறதே என்ற கவலையில் பிரிட்டன் நடுவில் வந்து, 1828-ல் யாருக்கும் இல்லாமல் தனி நாடாக்கியது. ஆகவே பிரேசிலிலிருந்தும் ஒரு துண்டு போனது. போனது ஸ்பானிஷ் பேசும் துண்டு, கோயிம்ப்ராவில் படித்தவர்கள் இல்லாத துண்டு. அந்தப் பக்கம் சேர்ந்ததும் உண்டு. ரப்பர் காடான ஆக்ரேயை 1903-ல் பொலிவியாவிடமிருந்து 20 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். பொலிவியா பாவம், 1879-ல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையை இழந்தது, பிறகு இது. இன்றும் அவர்களுக்குக் கடற்படை உண்டு, தித்திகாகா ஏரியில் பயிற்சி செய்கிறது. மார்ச் 23-ஐக் கடல் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.


கரூர்க்காரன் | வியாழன், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். ராஜாவே கப்பல் ஏறி ஓடி வந்த கதை ரொம்பப் பிடித்துவிட்டது, வகுப்பில் சொல்லப்போகிறாளாம். கப்பல்_பொறி சார் எழுதிய கோணல் கல்லைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கல்லை ஏன்ப்பா மூடினாங்க?" என்று கேட்டாள்.

பொலிவியாவின் மேற்கு ஓரத்தில் கடல்வரை பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், டீச்சர் கேட்டால் சொல்வாளாம்.

இன்று மத்திய அமெரிக்காவும் கரீபியனும் உள்ள தாள் கொடுத்திருக்கிறார்கள். ஹைட்டியும் டொமினிகன் குடியரசும் ஒரே தீவு என்பதால் ஒரே வண்ணம் அடித்துவிட்டாள். நடுவில் கோடு போட்டுப் பிரிக்கும்போது படித்துப் பார்த்தேன். டொமினிகன் குடியரசு தன் சுதந்திர நாளைப் பிப்ரவரி 27 அன்று கொண்டாடுகிறது. 1844-ல் ஸ்பெயினிடமிருந்து பெற்றது என்றுதான் நினைத்தேன், ஹைட்டியிடமிருந்தாம். இளஞ்செழியன், இதைப் பற்றித் தனியாக எழுதுவீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் என்றால் அவளுக்கு உதவும்.